ஜி. டி. நாயுடு அவர்களும் பழைய மோட்டார் உறுப்புக்களும்

கொங்கு நாட்டிற் கைத்தொழில் வளர்ந்த வரலாற்றைச் சொல்லப் புகுவோர் எவரும் கலங்கல் துரைசாமி நாயுடு அவர்களை விட்டுவிட்டுச் சொல்லுதல் இயலாது. அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அவருடைய வாழ்க்கை நம் சங்கத்தாருக்குப் புதியதன்று; பள்ளிப் பிள்ளைகளும் ஓரளவு அறிவர். ஆயினும் அவ்வாழ்க்கையின் ஒரு கூற்றை இப்பொழுது சிறப்பாக எடுத்துப் பேச வேண்டிய காரணம் நேர்ந்திருக்கிறது.

உக்கடத்திலே பழைய வண்டிகளின் உறுப்புக்களை விற்கும் கடைகளைக் கடந்து செல்வோர், துருவேறிக் கிடக்கும் சிலிண்டர் பிளாக்குகளையும், எண்ணெய்ப் பிசுக்கு மாறாத பற்சக்கரங்களையும் பார்த்திருப்பர். அங்கே ஒரு பொருள் நிறைக்கு விற்கப்படுகிறது. அதே பொருளைத் தேடி வெளியூரிலிருந்து வருபவர், அதன் பெயரும் காலமும் அறிந்தவராயின், நிறையைப் பற்றிக் கேட்பதே இல்லை. கேட்ட விலையைக் கொடுத்துத் துணியிற் சுற்றி எடுத்துப் போகின்றார். ஒரே இரும்புக்கு இவ்விரண்டு விலையும் எங்ஙனம் வந்தன என்பதை நாயுடு அவர்களின் வாழ்க்கையைக் கொண்டே தெளியலாம் என்பது என் எண்ணம்.

நாயுடு அவர்கள் 1893-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23-ஆம் நாள் சூலூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் வேளாண்மைக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் கோபால்சாமி நாயுடு. பள்ளிப் படிப்பு அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. ஆசிரியர் மீது மண்ணை வாரி வீசிவிட்டு ஓடினார் என்று சொல்வதுண்டு. ஆசிரியத் தொழிலில் இருபதாண்டு கழித்த எனக்கு இச்செய்தியைப் பாராட்டி எழுதக் கை வரவில்லை. எனினும் உள்ளது உள்ளபடி எழுதல் கடமை. பள்ளியை விட்டபின் தந்தையாரின் வயலிலே வேலை செய்தார். தமிழ் நூல்களைத் தாமாகவே படித்தார்.

அக்காலத்தில் வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் அவ்வூர்ப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தார். அது 1912-ஆம் ஆண்டு மாதிரியான ரட்ஜ் வண்டி. மாடும் குதிரையும் இழுக்காமல், தானே முழங்கிக்கொண்டு ஓடும் அவ்வண்டியைக் கண்ட கணமே இளைஞரின் உள்ளம் அதிலே பற்றிக்கொண்டது. அதனை வாங்கியே தீர்வது என்று உறுதிகொண்டு கோயம்புத்தூருக்கு வந்தார். ஓர் உணவு விடுதியிற் பரிசாரகராக அமர்ந்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காசு காசாகச் சேர்த்தார். பின்னர் அவ்வதிகாரியைத் தேடிச் சென்று 300 ரூபாய் கொடுத்து வண்டியைப் பெற்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

இனி வருவதே நாம் கருத்தூன்ற வேண்டிய இடம். வண்டியை வாங்கியவர் அதில் ஏறி ஊரைச் சுற்றி வரவில்லை. வீட்டிற்குக் கொணர்ந்து, உறுப்பு உறுப்பாகக் கழற்றிப் பரப்பினார், மீண்டும் பூட்டினார். ரட்ஜ் வண்டிக்கு ஒரே சிலிண்டர். கொள்ளளவு ஏறத்தாழ 500 கன சென்டிமீட்டர். பெட்ரோலை ஆவியாக்கிக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் ஒன்று. பொறி பறக்கச் செய்யும் மேக்னெட்டோ ஒன்று. மேலும் கீழும் ஓடும் பிஸ்டன். அதன் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க். வேண்டுங்கால் திறந்து வேண்டாக்கால் மூடும் வால்வுகள் இரண்டு. பின்சக்கரத்திற்கு வலுவைக் கொண்டு செல்லும் வார்ப்பட்டை. எண்ணிப் பார்ப்பின் பெரிய கூட்டமன்று. ஆனால் ஒவ்வொன்றும் மற்றொன்றின் அளவுக்கேற்ப மயிரிழை பிசகாமல் அமைந்திருத்தல் வேண்டும். பிஸ்டனுக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையே உள்ள வெளி சற்றே மிகுந்தால் வலு ஒழுகிப்போம். சற்றே குறைந்தால் சூட்டிலே விரிந்து இறுகிவிடும். இவற்றைச் சொல்லிக் கொடுக்க அவருக்கு ஒருவரும் இல்லை. ரட்ஜ் கம்பெனியோ இங்கிலாந்தில் காவெண்ட்ரி நகரில் இருந்தது. ஓர் ஆணி உடைந்தால் கடல் கடந்து எழுதிக் காத்திருத்தல் வேண்டும். ஆகவே ஓர் உறுப்பைக் கையிலெடுக்கும்போதே அது என்ன செய்கிறது, எதனாற் செய்யப்பட்டது, இது கெட்டால் இதனைப் போல் மற்றொன்றை நாமே செய்ய இயலுமா என்ற மூன்று கேள்விகளும் எழுவது இயல்பு. பிற்காலத்தில் அவர் செய்த காரியங்கள் அனைத்தும் இம்மூன்று கேள்விகளிலிருந்தே பிறந்தன என்பேன். அந்த ரட்ஜ் கம்பெனியும் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபின் மோட்டார் சைக்கிள் செய்வதை நிறுத்திவிட்டது.

சிலகாலம் மோட்டார் பழுது பார்த்தார். பஞ்சு வாணிகத்தில் இறங்கிப் பம்பாய் வரை சென்று கைப்பொருளை இழந்தார். பின்னர்க் கோவையில் ஸ்டேன்ஸ் துரை அவர்களுடைய நட்பும் கடனுதவியும் கிடைத்தன. அவ்வுதவியைக் கொண்டு 1920-ஆம் ஆண்டு ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். உக்கடத்திலிருந்து தெற்கே செல்லும் சாலையிற் போனால் பொள்ளாச்சி; அங்கிருந்து உடுமலை வழியாகப் பழனி. அக்காலத்தில் அது பெரும்பாலும் மாட்டு வண்டித் தடம். புழுதி கார்புரேட்டரில் ஏறும். கோடை வெயிலில் ரேடியேட்டர்த் தண்ணீர் கொதிக்கும். பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும்போது வில் முறியும். ஓட்டுநரும் அவரே, பழுது பார்ப்பவரும் அவரே. இங்ஙனம் தொடங்கிய தொழில் யு. எம். எஸ். என்று ஊர் அறிந்த பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. குறித்த நேரத்திற்குப் புறப்பட்டுக் குறித்த நேரத்திற்குச் சேர்தல் என்பது அவருடைய பஸ்களுக்குரிய தனிப் பெயராயிற்று.

நேரம் தவறாமை என்பது ஓட்டுநரின் ஒழுக்கத்தால் மட்டும் வருவதன்று. வழியிலே வண்டி நின்றால் ஒழுக்கம் என் செய்யும்? பட்டறையும் உறுப்புக்களை வைக்கும் அறையும் சரியாக இருந்தாலன்றி அது கைகூடாது. அந்நாளில் நம் நாட்டில் ஓடிய வண்டிகள் எல்லாம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செய்யப்பட்டவை. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1928-இல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டும் சாலை வைத்தனர்; போர்டு கம்பெனியாரும் வைத்தனர். பூட்டுவது இங்கே; உறுப்புக்கள் வருவது கப்பலில். எனவே ஒரு பஸ் கம்பெனியின் செல்வத்தை அது வைத்திருக்கும் பஸ்களின் தொகையைக் கொண்டு மட்டும் மதிப்பிடலாகாது; எண்ணெய் தடவிக் காகிதத்திற் சுற்றி அலமாரியில் அடுக்கிய பிஸ்டன்களையும் ரிங்குகளையும் பேரிங்குகளையும் கொண்டும் மதிப்பிட வேண்டும்.

1939-இல் உலகப் போர் மூண்டபோது இவ்வுண்மை நாடெங்கும் விளங்கியது. கப்பல்கள் போருக்குப் போயின. டயர் இல்லை, உறுப்பு இல்லை; பெட்ரோலும் பங்கீட்டுக்கு வந்தது. பஸ்களின் பின்புறத்தில் கரி உலையைக் கட்டி, அதிலெழும் வாயுவால் எஞ்சினை ஓட்டினர். பெட்ரோலுக்கென்று செய்த எஞ்சின் கரி வாயுவில் ஓடினால் வலுவும் குறையும், தேய்மானமும் மிகும். அத்தேய்மானத்தைச் சரிப்படுத்த வெளிநாட்டு உறுப்பு கிடையாது. லேத்தும் வார்ப்பட உலையும் உடைய ஊர்களே பிழைத்தன. கோவைக்கு அவை இரண்டும் இருந்தன. 1937-ஆம் ஆண்டிலேயே பீளமேட்டில் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களும் நம் நாயுடு அவர்களும் கூடி மின்மோட்டாரை இங்கேயே செய்து முடித்திருந்தனர். இந்நாட்டில் முதன்முதலிற் செய்யப்பட்ட மின்மோட்டார் அதுவே என்பர்.

அவருடைய வெளிநாட்டுப் பயணங்களையும், ரசந்த் என்ற பெயரால் வந்த மின்சவரக் கருவியையும், மிக மெல்லிய சவரத் தகட்டையும், மண்ணெண்ணெயால் ஓடும் விசிறியையும், பருத்தியிலும் பப்பாளியிலும் அவர் செய்த சோதனைகளையும் பற்றிப் பலர் எழுதியுள்ளனராதலின் இங்கே விரிக்கவில்லை. 1944-இல் மோட்டார்த் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து அவர் விலகினார். அடுத்த ஆண்டு கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி தோன்ற முன்னின்று உழைத்தார். பொறியியற் படிப்புக்கு நான்கு ஆண்டு வேண்டா, இரண்டு ஆண்டு போதும், கையால் வேலை செய்தே கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அரசினர் இதனை ஏற்கவில்லை. அவரும் பதவியில் நீடிக்கவில்லை. அக்கல்லூரியே இன்று தடாகம் சாலையில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. இரண்டு ஆண்டு போதுமா என்பதில் எனக்கு ஐயமுண்டு. ஆனால் ஒரு மாணவன் ஓர் எஞ்சினையேனும் தன் கையாற் கழற்றிப் பூட்டாமல் பட்டம் பெறலாகாது என்ற அளவில் அவர் பக்கமே நிற்பேன்.

1952-ஆம் ஆண்டில் இருவர் அமரும் சிறிய பெட்ரோல் கார் ஒன்றை அவர் வெளியிட்டார். விலை 2,000 ரூபாயளவில் இருக்கும் என்பது கணக்கு. அரசினர் உரிமம் வழங்காமையால் அதனைப் பெருக்கிச் செய்தல் நடவாமற் போயிற்று. வரிச் சுமையையும் அரசின் போக்கையும் எதிர்த்துத் தாம் படைத்த பொருள்களைப் பலர் காண உடைத்துக் காட்டியதும் அவர் வாழ்க்கையில் உண்டு. அவருடைய மனப்புண்ணை உணர்கிறேன். ஆயினும் அச்செயலை நினைக்குந்தோறும் நெஞ்சு ஒப்பவில்லை. ஒரு பொருளைச் செய்தவர் அதனைத் திரும்பச் செய்யலாம். அவர் போனபின் யார் செய்வார்?

அந்த 1950-களிலேதான் பழைய எஞ்சின்களுக்குக் கேடுகாலம் தொடங்கியது. இந்நாட்டிலேயே முழு வண்டியையும் செய்யும் திட்டமுடைய கம்பெனிகளையே நிலைக்க விடுவது என்று 1953-இல் அரசினர் முடிவு செய்தனர். 1954-இல் ஜெனரல் மோட்டார்சும் போர்டும் இங்கே பூட்டும் தொழிலை மூடிச் சென்றன. நாட்டுத் தொழில் வளர்ந்தது. அதனைக் குறை கூறவில்லை. ஆனால் சாலையில் ஓடிக்கொண்டிருந்த செவர்லே, ப்யூக், போர்டு, டாட்ஜ் வண்டிகளுக்கு உறுப்பு வரும் வழி அடைபட்டது. பஸ்களிலும் லாரிகளிலும் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டுப் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினை ஏற்றினர். சென்னையில் சிம்ப்சன் கம்பெனியார் அதனைச் செய்யத் தொடங்கியிருந்தனர். இறக்கிய எஞ்சின் ஷெட்டின் மூலையிற் கிடந்தது. 1972-இல் சேரன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டுப் பெரிய கம்பெனிகளின் பஸ்களும் தடங்களும் அரசின் வசமானபோது, பட்டறைகள் பலவும் கைமாறின.

மூலையிற் கிடந்த அவ்வெஞ்சின்கள் எங்கே போயின? நம் ஊர் வார்ப்பட ஆலைகளுக்கே போயின. மோட்டார் எஞ்சின் பிளாக்கு மிக நல்ல வார்ப்பிரும்பு. உலைக்காரர் அதனை விரும்பி வாங்குவர். கிணற்றுப் பம்புகளால் நாடெங்கும் பெயர் பெற்ற கோவை, தன் பழைய எஞ்சின்களை உருக்கியே பம்பு வார்த்தது என்றால் மிகையன்று. வயலுக்குத் தண்ணீர் பாய்ந்ததாகலின் அதனை வீண் என்று சொல்ல எவர்க்கும் வாய் வாராது. எனினும் உலைக்குப் போகாமல் எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கனவாயின. எஞ்சியதன் விலை ஏறுகிறது.

ஏன் புதிதாகச் செய்துகொள்ளலாகாது என்று வினவுவோர் உண்டு. சிலவற்றைச் செய்யலாம். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து உள்ளே குழலொன்றைப் பொருத்தலாம். கிராங்கின் கழுத்தைத் தேய்த்து வட்டமாக்கலாம். கார்புரேட்டரின் ஜெட்டைப் பித்தளையிற் கடைந்தெடுக்கலாம். செப்புத் தகட்டை வெட்டிக் கேஸ்கட் ஆக்கலாம். மேக்னெட்டோவுக்குச் சுருள் சுற்றலாம். பழைய எஞ்சின்களின் பேரிங்குகள் கடையில் வாங்கி மாட்டும் இக்கால ஓடுகள் அல்ல. வெள்ளீயம் கலந்த வெள்ளை உலோகத்தை உருக்கி உரிய இடத்திலேயே ஊற்றி, கிராங்கின் மீது நீல மையைத் தடவி வைத்துப் பார்த்து, மை பட்ட இடத்தை மட்டும் சுரண்டிச் சுரண்டி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இவ்வேலை தெரிந்த பெரியவர்கள் நம் பட்டறைகளில் முன்பு பலர் இருந்தனர். இன்று மிகச் சிலரே. உறுப்பு அருகிப்போவது ஒரு பங்கு. அதனைப் பொருத்தும் கை அருகிப்போவது மற்றொரு பங்கு. பிளாக்கு விரிசல் விட்டாலோ, சிலிண்டர் ஹெட்டு உடைந்தாலோ, அதே வார்ப்பு வேறொன்று கிடைத்தாலன்றிப் பெரும்பாலும் வழியில்லை. ஒன்றே ஒன்றுக்காக மாதிரி செய்து, அச்சிட்டு, வார்த்துக் கடைவதென்றால் வண்டியின் விலையை விடச் செலவு மிகும்.

வண்டி மிகுதியாக விற்றிருந்தால் வேறு. போர்டு கம்பெனியாரின் டி மாதிரி வண்டி 1908 முதல் 1927 வரை 1½ கோடிக்கு மேல் செய்யப்பட்டது. ஆகவே அமெரிக்காவில் அதன் உறுப்புக்களை இன்றும் புதிதாகச் செய்து விற்போர் உளர். சில நூறு மட்டும் செய்யப்பட்ட வண்டிக்கு அவ்வாறு செய்பவர் யார்? அதற்கு உக்கடம் போன்ற கடைத்தெருக்களே கதி.

சட்டமும் இப்பொழுது இதனோடு வந்து சேர்ந்திருக்கிறது. 2021-இல் மத்திய அரசினர் பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனிப் பதிவு விதிகள் வகுத்தனர். முதற் பதிவு நடந்து 50 ஆண்டு கடந்த வண்டி, சட்டகம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் இன்றி மூல வடிவில் இருந்தால் அப்பதிவுக்குத் தகும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். முன்பெல்லாம் பழைய காருக்கு வேறு எஞ்சினைப் பொருத்தி ஓட்டியவர், இனி மூல எஞ்சினின் உறுப்பைத் தேடி அலைய வேண்டியவராகின்றார். நிறைக்கு விற்ற இரும்பு பெயருக்கு விற்கத் தொடங்கியது இங்ஙனமே.

நம் அங்கத்தினர் குடும்பங்கள் பலவற்றில் பாட்டனார் காலத்தில் பஸ் இருந்தது, லாரி இருந்தது, பட்டறை இருந்தது. பழைய ஷெட்டை இடித்துக் கட்டுவது என்று முடிவு செய்தவுடன் முதலில் அழைக்கப்படுபவர் பழைய இரும்புக் கடைக்காரர். அவரை அழைக்குமுன் ஒரு நாள் செலவிட்டு, பிளாக்கின் பக்கத்தில் வார்த்திருக்கும் எண்ணையும், தகட்டில் அடித்திருக்கும் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, விவரமறிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். பிரிக்காத காகிதச் சுருள் இருந்தால் பிரிக்காமலே வையுங்கள். மேலே ஒட்டிய சீட்டே அதன் பிறப்புச் சான்று. ஓடாத எஞ்சின் என்பதால் பயனில்லை என்று கொள்ளற்க. ஓடும் எஞ்சின் ஒன்றுக்கு வேண்டிய ஒரே வால்வு அதற்குள் இருக்கலாம்.

நாயுடு அவர்கள் 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் தம் எண்பதாம் வயதிற் காலமானார். 1967-இல் அவர் தொடங்கிய தொழிற் கண்காட்சி அவிநாசிச் சாலையில் இருக்கிறது. 2015-இல் அவர் குடும்பத்தார் அதே சாலையில் பழைய கார்களுக்கென ஒரு காட்சிசாலை திறந்தனர். 2025 அக்டோபரில் அச்சாலையின் மேல் திறக்கப்பட்ட 10 கிலோமீட்டர் நீளமான பாலத்துக்கும் அவர் பெயரே இட்டனர். காட்சிசாலையில் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-இல் உரிமம் பெற்ற மூன்று சக்கர வண்டியின் உருவமும் நிற்கிறது. அது பழைய வண்டியன்று. எஞ்சினின் உறுப்புக்கள் உட்பட எல்லாவற்றையும் புதிதாகச் செய்து பூட்டிய பிரதி.